தாத்தா படித்த சேரிப் பள்ளியின் பதிவேட்டைத் தேடிப் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

என் தாத்தாவின் பெயருக்கு நேரே 1944 ஆகஸ்ட் வருகைப் பதிவேட்டில் பதினோரு பெருக்கல் குறிகள் இருக்கின்றன, அதாவது பதினோரு நாள் பள்ளிக்கு வந்திருக்கிறார். செப்டம்பரில் நான்கு. அக்டோபரில் ஒன்றுகூட இல்லை. வரவில்லை என்பதற்கு ஆங்கில 'ஏ' எழுத்தையே வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்த வாத்தியார், சலித்துப் போய்க் கடைசியில் ஒரு நீளக் கோடாக இழுத்து விட்டிருக்கிறார். போர்க்காலம், காகிதப் பஞ்சம், அச்சடித்த பதிவேடு கிடைக்கவில்லை போலிருக்கிறது, ஏதோ ஒரு கணக்கு நோட்டில் அவரே பென்சிலால் கட்டம் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார். பள்ளி ஒரு 'லேபர் ஸ்கூல்', திருவாரூர் பக்கம். ஊருக்குள் இருந்த பள்ளியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இடமில்லாததால் சேரிக்கென்று தனியாகத் திறந்தது.

அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்க்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. எங்கே கேட்பது, எதைக் கேட்பது, கையில் கிடைத்ததை எப்படிப் படிப்பது என்று தெரிந்திருந்தால் இரண்டு மாதத்தில் முடிந்திருக்கும். பழைய சென்னை மாகாணத்தில் பஞ்சமர் பள்ளி (தீண்டாமைக்கு ஆளான சாதிகளை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்), லேபர் பள்ளி, மிஷன் சேரிப் பள்ளி, கள்ளர் பள்ளி என்று தனித்தனியாக வைத்துப் படிப்பித்த காலத்துப் பதிவேடுகளைத் தேட நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடும்ப வரலாறு தேடுகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், ஆராய்ச்சி மாணவர்களுக்கும் பாதி உதவும்.

படி 1: எந்த வகைப் பள்ளி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள், அப்புறம் தவறான அலுவலகத்தில் போய் நிற்கிறார்கள். பள்ளியை யார் நடத்தினார்களோ அவர்கள் வழியில்தான் காகிதமும் போயிருக்கும்.

உங்கள் ஆள் 1890-க்கு முன்னால் படித்திருந்தால் அது கிட்டத்தட்ட மிஷன் பள்ளிதான், வேறு வழி அப்போது குறைவு. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் 1891-ல் பறையர் நிலை பற்றி அரசாங்கத்துக்கு ஒரு நீண்ட குறிப்பு அனுப்பினார். அதையொட்டி எழுந்த பேச்சில் 1893-ல் பஞ்சமர் கல்விக்கென்று ஓர் அரசாணை வந்தது, சிறப்பு மானியமும் சலுகைகளும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சேரிப் பள்ளிகள் பெருகின. 1894-ல் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கம் ஊரூரில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார், அந்த வரிசையில் சென்னையில் இன்னும் சில பள்ளிகள் வந்தன. 1916-ல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தா நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். இப்படித் தனியார் முயற்சியில் வந்தவற்றின் பதிவேடுகள் அந்தந்த அறக்கட்டளை, கழகம் கையில்தான் இருக்கும், அரசாங்கத்திடம் கேட்டுப் பயனில்லை.

1919-ல் அரசாங்கம் இன்னோர் ஆணை போட்டது. அக்ரகாரத்திலும் கோயிலிலும் சாவடியிலும் நடக்கும் பொதுப் பள்ளிகளை எல்லாப் பிள்ளைகளும் வரக்கூடிய இடத்துக்கு மாற்றுங்கள் என்றது. ஆணை போட்டதும் பள்ளி நகர்ந்துவிடவில்லை. நகராத ஊர்களில் தனிப் பள்ளி திறப்பதுதான் எளிய வழியாக இருந்தது, அந்த வேலை 1920 வாக்கில் வந்த லேபர் கமிஷனர் தலையில் விழுந்தது. வீட்டுமனை, கிணறு, பள்ளி மூன்றும் அவர் பொறுப்பு. இதனால்தான் பெரியவர்கள் இன்றைக்கும் 'லேபர் ஸ்கூல்' என்கிறார்கள், தொழிற்சங்கத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. 1949-ல் அந்தப் பொறுப்பு ஹரிஜன நலத் துறைக்குப் போனது, பின்னாளில் அதுவே ஆதிதிராவிடர் நலத் துறை ஆனது. ஆக, உங்கள் தாத்தா 1915-க்கும் 1940-க்கும் நடுவில் பிறந்து 'லேபர் ஸ்கூல்ல படிச்சேன்' என்று சொல்லியிருந்தால், இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் தொடங்குங்கள்.

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் தனிக் கதை. குற்றப் பரம்பரைச் சட்டத்தை (ஊரில் ரேகைச் சட்டம் என்பார்கள்) பிறமலைக் கள்ளர்மேல் ஏவி, 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடும் நடத்தி முடித்த பிறகு, 'சீர்திருத்தம்' என்ற பெயரில் வந்தவை அவை. அங்கே ஒரே வீட்டில் பையன் பெயர் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் அப்பன் பெயர் போலீஸ் பதிவேட்டிலும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்க முடிந்தால் படியுங்கள்.

மிஷன் பள்ளி என்றால் எந்த மிஷன் என்பதற்கு ஊரே துப்பு. வட ஆற்காடு என்றால் அமெரிக்கன் ஆற்காடு மிஷன், செங்கல்பட்டு என்றால் ஸ்காட்லாந்து மிஷன், திருவள்ளூர், மன்னார்குடி பக்கம் வெஸ்லியன், சேலம், கோவை, நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன், மதுரையில் அமெரிக்கன் மதுரை மிஷன், தரங்கம்பாடி, தஞ்சைப் பக்கம் லைப்சிக் லுத்தரன், திருநெல்வேலியில் இரண்டு ஆங்கிலிக்கன் சங்கங்கள். கத்தோலிக்கர் என்றால் பங்குக் கோயிலில் கேளுங்கள், அங்கே ஞானஸ்நானப் பதிவேடு பள்ளிப் பதிவேட்டைவிடப் பத்திரமாக இருக்கும்.

படி 2: எதைக் கேட்பது

வருகைப் பதிவேடுதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். அது சில வருடம் வைத்திருந்துவிட்டு எடைக்குப் போடுகிற சாமான். எண்பது வருடத்துக்கு முந்தைய வருகைப் பதிவேடு தப்பியிருந்தால் அது யாரோ மறந்துபோன அதிர்ஷ்டம்.

நிரந்தரமாக வைக்க வேண்டியது சேர்க்கைப் பதிவேடு, சில இடங்களில் 'சேர்க்கை நீக்கல் பதிவேடு' என்று எழுதியிருக்கும். வரிசை எண், பெயர், தகப்பன் அல்லது காப்பாளர் பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, முன்பு படித்த பள்ளி, சேர்ந்த நாள், வகுப்பு, நின்ற நாள், காரணம். பல பழைய பதிவேடுகளில் அம்மை குத்தியதா என்றுகூட ஒரு கட்டம் இருக்கும். முதலில் இதைக் கேளுங்கள். பெயர் இதில் கிடைத்துவிட்டால் எந்த வருடத்து வருகைப் பதிவேட்டைத் தேட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கூடவே கேட்க வேண்டியவை: லாக் புக் (பள்ளியின் நாட்குறிப்பு), இன்ஸ்பெக்டர் ஆய்வுக் குறிப்பு, பார்வையாளர் புத்தகம், டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டை. அடிக்கட்டையை யாரும் மதிப்பதில்லை, ஆனால் சேர்க்கைப் பதிவேட்டைக் கரையான் தின்ற ஊரில் என் நண்பர் ஒருவருக்குப் பாட்டியின் பெயர் அதில்தான் கிடைத்தது.

படி 3: பள்ளிக்குப் போவது

ஜூனில் போகாதீர்கள், சேர்க்கைக் கூட்டம். மார்ச், ஏப்ரலில் பரீட்சை. ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் போனால் தலைமையாசிரியருக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் இருக்கும்.

ஒன்று புரிந்துகொள்ளுங்கள். பழைய பதிவேட்டைக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரணத்துக்காக வருகிறார்கள்: சாதிச் சான்றிதழ் வழக்கு, வயதுத் திருத்தம், சொத்துத் தகராறு. மூன்றிலும் தலைமையாசிரியர் சாட்சிக் கூண்டு ஏற வேண்டி வரும். அதனால் நீங்கள் வாயைத் திறந்ததும் அவர் முகம் இறுகினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். 'எனக்குச் சான்றிதழ் எதுவும் வேண்டாம் சார், தாத்தா பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். ஒரு பக்கக் கடிதம் கையில் இருக்கட்டும்: உங்கள் பெயர், தாத்தா பெயர், அவருடைய அப்பா பெயர், தெரு, ஏறக்குறைய எந்த வருடம். உங்கள் ஆதார் நகல், உறவைக் காட்ட ஏதாவது ஒரு காகிதம். ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது கடிதத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

நான் முதல் முறை போனபோது 'அதெல்லாம் புயல்ல போச்சு' என்றார்கள். தஞ்சை மாவட்டத்தில் 1952 நவம்பர் 30 புயலுக்குப் பழி போடாத அலுவலகமே கிடையாது. மூன்றாம் முறை போனபோது சத்துணவு அம்மா, 'அந்தத் தகரப் பெட்டியப் பாத்தீங்களா சார்?' என்று கேட்டார். அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தது பெட்டி. பதிவேடு எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் பள்ளியில் நீண்ட நாள் வேலை பார்க்கிறவருக்குத்தான் தெரியும், மாற்றலாகி வந்த தலைமையாசிரியருக்கு எப்படித் தெரியும்?

நேரில் நடக்கவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், தவறான அலுவலகத்துக்கு எழுதியிருந்தால் பிரிவு 6(3)-ன்படி அவர்களே ஐந்து நாளில் சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டும். 'அனைத்து மாணவர் விவரமும் தருக' என்று எழுதினால் தனிநபர் தகவல் என்று தட்டிக்கழிப்பார்கள், அது நியாயமும்கூட. உங்கள் தாத்தா ஒருவர் பெயரை மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று, 2023 பட்ஜெட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி உள்ளிட்ட எல்லாவற்றையும் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்தார்கள். சரியா தப்பா என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும், துறை மாறும்போதும் கட்டடம் மாறும்போதும்தான் பீரோவைக் காலி செய்வார்கள். அடுத்த வருடம் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

படி 4: படம் எடுப்பது

அனுமதி வாங்கிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். முதலில் அட்டை, பிறகு முதல் பக்கம், பிறகு உங்களுக்கு வேண்டிய பக்கம், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு பக்கம். வேண்டிய வரியை மட்டும் நெருக்கி எடுத்துவிட்டு வந்தால் வீட்டுக்கு வந்த பிறகு அது எந்த வருடம், எந்த வகுப்பு என்று தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கும் (முழித்தேன்). இராமபாணப் பூச்சி துளைத்த தாள் என்றால் ஓரத்தைப் பிடித்துப் புரட்டாதீர்கள், அடியில் ஒரு வெள்ளைத் தாளை நுழைத்துத் தூக்குங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே கூடாது, லேமினேஷன் இன்னும் மோசம். நன்றி சொல்வதாக நினைத்து எதையாவது செய்துவிட்டு வருவதைவிட அந்துருண்டை ஒரு பாக்கெட்டும் புதுத் துணிப்பை ஒன்றும் வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

படி 5: குறிகளைப் படிப்பது

இங்கே அவசரப்படாதீர்கள், பதிவேட்டின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

காலைக்கு ஒரு சாய்கோடு, மதியத்துக்கு எதிர்ப்பக்கமாக இன்னொரு சாய்கோடு. இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி, அதாவது முழு நாள் வந்தான். ஒற்றைக் கோடு மட்டும் நின்றால் அரை நாள். 'ஏ' என்றால் வரவில்லை. ஞாயிறும் விடுமுறையும் பெரும்பாலும் சிவப்பு மையில் மேலிருந்து கீழாக எழுதியிருக்கும். மாதக் கடைசியில் அடியில் ஒரு கணக்கு இருக்கும், அதைத் தவிர்த்துவிடாதீர்கள். உதாரணத்துக்கு 42 பேர் பெயர் இருக்கிறது, 22 நாள் பள்ளி நடந்தது, ஆக 44 வேளை, மொத்தக் கோடுகள் 1,144 என்றால் சராசரி வருகை 26. பெயர் எழுதியது 42, உட்கார்ந்திருந்தது 26. மேலே அனுப்பிய அறிக்கையில் எந்த எண் போனது என்பது வேறு விஷயம்.

இப்போது அரை நாள் கோடுகளைப் பாருங்கள். காலைக் கோடு மட்டும் நிறைய இருந்தால் மதியம் அந்தப் பையன் எங்கே போனான்? மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். மதியக் கோடு மட்டும் இருந்தால் காலையில் சாணி அள்ளிவிட்டு, கொட்டகையைக் கூட்டிவிட்டு வந்திருக்கலாம். தனியொருவன் வரிசையில் இது தெரியாது. பக்கம் முழுக்க நெட்டுவாக்கில் பாருங்கள், ஒரே வாரத்தில் பத்து வரிசையில் ஒரே மாதிரி ஓட்டை விழுந்திருந்தால் அது நோயோ வேலையோ, பையனின் சோம்பல் கிடையாது.

வேலையா என்று தெரிய ஊர் வெள்ளாமைக் காலத்தை எழுதி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். டெல்டா என்றால் குறுவை அறுப்பும் சம்பா நடவும் நெருக்கியடிக்கும் புரட்டாசி, ஐப்பசி, பிறகு தை அறுவடை. அந்த மாதங்களில் பெண் பிள்ளைகள் வரிசை முதலில் காலியாகும், வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமே. நோய் என்றால் லாக் புக்கில் இருக்கும்: காலரா, அம்மை என்று பள்ளியை மூடிய குறிப்பு. 1918 பதிவேடு கிடைத்தவர்கள் அக்டோபர், நவம்பரைப் பாருங்கள், அது விஷக் காய்ச்சல் வருடம்.

இரண்டு இடத்தில் ஏமாந்துவிடக் கூடாது. 1953-54 பள்ளி ஆண்டில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் எல்லாருக்குமே அரை நாள் குறிதான் இருக்கக்கூடும். அது ராஜாஜி கொண்டுவந்த திட்டம், பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி நேரம்தான் பாடம். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்புக் கிளம்பி 1954-ல் காமராஜர் வந்ததும் கைவிட்டார்கள். இது தெரியாமல் 'என் அப்பா பாதி நாள் மட்டம் போட்டார்' என்று எழுதிவிடாதீர்கள். அடுத்தது 1956-க்குப் பிறகு வருகை திடீரென்று ஏறியிருந்தால் மதிய உணவு அந்த ஊருக்கு எப்போது வந்தது என்று பாருங்கள், அந்தப் பதிவேடு தனியாக இருக்கும்.

பொய் வருகையும் உண்டு. உதவி பெறும் பள்ளிக்குப் பிள்ளைகள் எண்ணிக்கையையும் வருகையையும் பார்த்துத்தான் மானியம், லேபர் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் பள்ளியையே மூடிவிடுவார்கள். ஓராசிரியர் பள்ளி வாத்தியாருக்கு அது வயிற்றுப்பாடு. மாதம் முழுக்க ஒரே மை, ஒரே அழுத்தம், ஓட்டையே இல்லாத பெருக்கல் குறிகள், போதாக்குறைக்கு ஆடிப் பதினெட்டு அன்றும் நாற்பது பேர் வந்ததாகக் கணக்கு என்றால் உட்கார்ந்து ஒரே மூச்சில் போட்டது என்று அர்த்தம். இன்ஸ்பெக்டர் கையெழுத்து இருக்கிற நாளின் வருகையை அதற்கு முந்தின வாரத்தோடு ஒப்பிடுங்கள். நான் பார்த்த ஒரு பதிவேட்டில் முந்தின வாரம் நாளுக்கு 38 பேர், இன்ஸ்பெக்டர் வந்த அன்று 19. அந்த வாத்தியார்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பள்ளி மூடாமல் இருந்ததே அந்தப் பொய்யால்தானோ என்னவோ.

படி 6: பெயர், வயது, சாதி

பிறந்த தேதியை நம்பாதீர்கள். வலக்கையைத் தலைக்கு மேல் சுற்றி இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது, சேர்த்துக்கொள் என்ற கணக்கில், பள்ளி சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடம் பின்னால் போய் வாத்தியார் எழுதிய தேதி அது. ஒரே பக்கத்தில் எட்டுப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பெயரும் அப்படித்தான். வீட்டில் அமாவாசை, பள்ளியில் முனுசாமி. வீட்டில் குப்பன், மிஷன் பள்ளியில் ஞானப்பிரகாசம். பெயரை வைத்து மட்டும் தேடினால் தவறிவிடும். தகப்பன் பெயர், கூடச் சேர்ந்த அண்ணன் தம்பி, தெரு இவற்றை வைத்துத் தேடுங்கள். பெரும்பாலும் அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அடுத்தடுத்த எண்ணில் இருப்பார்கள், ஒரே நாள் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்ததால்.

சாதிக் கட்டம் தேதி கிழிந்துபோன பதிவேட்டுக்கு வயது சொல்ல உதவும். பஞ்சமர் என்றோ பறையர், பள்ளர் என்று நேராகவோ எழுதியிருந்தால் பெரும்பாலும் 1922-க்கு முந்தையது. அந்த வருடம் மார்ச் 25 தேதியிட்ட அரசாணைதான் ஆதி திராவிடர் என்ற பெயரைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தது. ஹரிஜன் என்று இருந்தால் 1930-களுக்கு முன்னால் இருக்க வாய்ப்பில்லை. பட்டியல் வகுப்பு என்ற சொல் 1935 சட்டத்துக்குப் பிறகுதான். ஆனால் பழகிய கை சீக்கிரம் மாறாது, அதனால் பழைய சொல் இருக்கிறதே என்று பழைய பதிவேடு என முடிவுகட்ட வேண்டாம். புதுச்சொல் இருந்தால்தான் திட்டமாகச் சொல்லலாம்.

மதக் கட்டத்தில் ஓர் எச்சரிக்கை. மிஷன் பள்ளியில் கிறிஸ்தவர், அரசுப் பள்ளியில் இந்து என்று ஒரே ஆளுக்கு இருக்கும். கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்காத 1950 ஜனாதிபதி ஆணைக்குப் பிறகு அந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் சலுகையே தொங்குகிறது. உங்கள் வீட்டுப் பக்கமாகவே இருந்தாலும் மற்ற பிள்ளைகளின் வரிகள் தெரிகிற படத்தை வாட்ஸாப்பிலோ ஃபேஸ்புக்கிலோ போடாதீர்கள். மறைத்துவிட்டுப் போடுங்கள்.

'நின்ற காரணம்' கட்டத்தில் பாதிக்கு மேல் 'நீண்ட நாள் வராமை' என்றுதான் இருக்கும். அரிதாக 'கொழும்பு', 'ரங்கூன்', 'கோலார்' என்று ஒற்றைச் சொல் இருக்கும். இது கிடைத்தால் கங்காணி (ஆள் பிடித்துக் கூட்டிப் போகிறவர்) வழியாகத் தோட்டத்துக்கோ தங்கச் சுரங்கத்துக்கோ போன குடும்பம் என்று பிடித்துக்கொண்டு போகலாம்.

பதிவேடு சொல்லாததும் ஒன்று இருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இரட்டைமலை சீனிவாசன், தான் கோயமுத்தூரில் படித்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார்: சுமார் 400 பிள்ளைகளில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள், தன் சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து யாரோடும் பழகாமல், பள்ளி தொடங்கும் மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது இருந்துவிட்டு உள்ளே போவாராம். அந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அவருக்கும் எல்லாரையும் போல வந்ததாகத்தான் குறி விழுந்திருக்கும். எங்கே உட்கார்ந்தான், தண்ணீர் யார் ஊற்றினார்கள் என்பதற்குக் கட்டம் கிடையாது. அதனால் படங்களை அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு, அந்தப் பள்ளியில் படித்து இன்னும் இருக்கிற பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். வெறுமனே 'அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு?' என்றால் ஒன்றும் வராது. பெயர் வரிசையைப் படித்துக் காட்டினால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை வரும்.

படி 7: பள்ளியில் எதுவுமே இல்லையென்றால்

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். உங்கள் தாத்தா பெயர் அங்கே கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி திறந்த அரசாணை, இடம் எடுத்ததில் நடந்த தகராறு, கிணறு வெட்ட ஒதுக்கிய பணம், யாராவது கொடுத்த புகார் மனு, லேபர் கமிஷனரின் ஆண்டறிக்கை, இவைதான் இருக்கும். பொதுக் கல்வி ஆண்டறிக்கைகளில் பிராமணர், பிராமணரல்லாத இந்துக்கள், பஞ்சமர் என்று பிரித்து மாவட்ட வாரியாக எண்ணிக்கை இருக்கும். உங்கள் ஊரின் 26 பேர் அந்த எண்ணில் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்க்கலாம்.

கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) பள்ளி இருந்த சர்வே எண்ணைப் பாருங்கள். பழைய கிராமக் கணக்கில் வருடம் பசலியில் (வருவாய்த் துறையின் ஜூலை-ஜூன் ஆண்டுக் கணக்கு) இருக்கும், 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்குகிற ஆங்கில வருடம் வரும். பசலி 1354 என்றால் 1944 ஜூலை முதல் 1945 ஜூன் வரை.

மிஷன் பள்ளிகளுக்கு பெங்களூரு யுனைடெட் தியலாஜிக்கல் காலேஜ் ஆவணக் காப்பகம் நல்ல இடம். வெளிநாட்டில் என்றால் லண்டன் மிஷன், மெதடிஸ்ட் காகிதங்கள் லண்டன் சோயாஸ் நூலகத்தில், சர்ச் மிஷனரி சொசைட்டி காகிதங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், லைப்சிக் மிஷன் காகிதங்கள் ஜெர்மனியின் ஹாலேயில். அங்கே பிள்ளைகள் பெயர் அபூர்வம். ஆனால் உபதேசியார் பெயரும், பள்ளிக் கொட்டகையை யார் கொளுத்தினார்கள் என்ற கடிதமும் கிடைக்கும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்ன அந்த 1944 பக்கத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு, தாத்தாவின் தங்கையிடம், எங்களுக்கு அத்தைப்பாட்டி, கொண்டுபோனேன். படிக்கத் தெரியாதவர். பெயர்களை நான் வாசிக்க வாசிக்க, இவன் கொழும்பு போனான், இவன் பாம்பு கடிச்சுச் செத்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். தாத்தா பெயர் வந்ததும் அக்டோபர் கோட்டின் மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை என்று அர்த்தம் என்றேன்.

'எப்படிப் போவான்? பண்ணையில மாட்டுக்கு விட்டாச்சே. வாத்தியாரு தேடிக்கிட்டு வீட்டுக்கே வந்தாரு, அப்பா அண்ணன வைக்கப்போருக்குப் பின்னால போய் நில்லுன்னுட்டாரு. நான்தான் வாத்தியாருகிட்ட, அண்ணன் ஊருக்குப் போயிருக்குன்னு சொன்னேன்.'

அச்சுப் பக்கத்தை அவரே வைத்துக்கொண்டார்.